டிராயரில் இருந்த பிளேட்டு

வாங்க அண்ணாச்சி, வாங்க. படி பாத்து ஏறுங்க. ஏழாவது படி மட்டும் கொஞ்சம் ஒசரம், கட்டுன அன்னைக்குக் கொத்தனாருக்குப் பொண்டாட்டிகூட சண்ட. தூத்துக்குடியில எத்தன மணிக்கு பஸ் ஏறுனிய? உக்கார எடம் கெடச்சுதா? இருங்க, கீழ ஒரு சத்தம் குடுத்துருதேன். ஏட்டி உலகு! விளம்பரம் பாத்துட்டு ஒரு அண்ணாச்சி வந்திருக்காவ, காப்பி போடு!

அந்தா, கைப்பிடிச் சுவரு ஓரமா, குளத்தப் பாத்து துண்டு போத்தி நிக்குல்லா, அதான் ஸ்கோப்பு, தூரத்துப் பறவையக் கிட்டக் காட்டுறது. தொடாதிய, தொடாதிய. வாங்க வந்தவன் தொட்டுப் பாக்காம எப்படி வாங்குவான்னு நெனைப்பிய. நியாயந்தான். நான் முதல்ல ஒரு பார்வ பாத்து, சரி பண்ணித் தாறேன், அதுக்கப்புறம் நீங்க பாருங்க. பன்னெண்டு வருசமா இங்க அதான் வழக்கம்.

கூட என்னென்ன வரும்னு சொல்லிருதேன். ஸ்கோப்பு ஒண்ணு. ஸ்டாண்டு ஒண்ணு, இரும்பு, என்ன காத்தடிச்சாலும் அசையாது. உறை ஒண்ணு, நம்ம மேலப்பாளையம் மைதீன் தச்சது. அப்புறம் பிளேட்டு ரெண்டு. இந்தா, என் விரல் நீளந்தான் இருக்கும். இத ஸ்கோப்புக்கு அடியில திருகுனாத்தான் அது ஸ்டாண்டு மண்டையில டக்குன்னு போயி உக்காரும். இது இல்லைன்னா ஸ்கோப்பும் நிக்காது, ஸ்டாண்டும் சும்மா. ஒரு பிளேட்டு ஸ்கோப்புலயே இருக்கு. ஆடுதேன்னு நான்தான் பச வச்சு ஒட்டிப்போட்டேன், இனி கழட்ட வராது. இன்னொண்ணு இது. பாருங்க, ஒரு கீறல் உண்டா? கடையில இருந்து வந்த மாதிரியே இருக்குல்லா? இது ஏன் இப்படிப் புதுசா இருக்குன்னா... சொல்லுதேன். காப்பி வரட்டும்.

நான் சர்வே ஆபீசுல இருந்து போன ஆனியில ரிட்டயர்டு ஆனவன். பேரு ஆவுடையப்பன், விளம்பரத்துல பாத்திருப்பிய. குளத்துல ரெண்டாயிரம் வாத்து மெதக்குன்னு வைங்க, பத்துப் பத்தா பிரிச்சு, ஒருதரம் கண்ண ஓட்டுனாப் போதும், கணக்கு சொல்லிருவேன். தை மாசம் குளம் குளமாப் போயி பறவைய எண்ணுவாங்கல்லா, அதுக்கு எங்க செட்டுல மூணு பேரு. நான், மைதீன், நம்பி. மைதீன் டெய்லரு. அவன்கிட்ட ஒரு பைனாகுலர் உண்டு, ஒரு பக்கம் பூசணம் பிடிச்சது. நம்பி, ஹைஸ்கூல் ஆபீசுல கிளார்க்கு. நானும் நம்பியும் ஆறாங்கிளாசுல இருந்து ஒரே பெஞ்சு. அவன் கையெழுத்து அச்சுல அடிச்ச மாதிரி இருக்கும்.

ஸ்கோப்பு என்னோடதுல்லா. அதனால நான் கண்ண வைப்பேன். "நாமக்கோழி, நூத்திப் பத்து"ம்பேன். கறுப்பா, நெத்தியில வெள்ள நாமம் போட்டுட்டு மெதக்கும்லா, அதுதான் நாமக்கோழி. பின்னால இருந்து நம்பி, "நூத்திப் பத்து"ம்பான். எழுதிருவான். "தட்டவாயன், நாப்பது." "நாப்பது." நான் திரும்பிப் பாக்க வேண்டிய அவசியமே கிடையாது. புருசன் பொண்டாட்டிக்குள்ளகூட அப்படி ஒரு பொருத்தம் அமையாது. எங்க வீட்டுலயே அமையல, கீழ கேட்டிராம.

நம்பிக்குப் பாக்கதுல பெருசா இஷ்டம் கிடையாது அண்ணாச்சி. அவனுக்கு எழுதுறதுலதான் இஷ்டம். அவன் அப்படிச் சொன்னதில்ல, நானாத்தான் சொல்லுதேன். ஆனா பன்னெண்டு வருசத்துல ஒரு நாளு, "ஆவுடை, நான் ஒருதரம் பாக்கேன்"னு அவன் கேட்டதில்லையே. அப்ப என்ன அர்த்தம்?

இருங்க, ஒரு நிமிசம்... நார ஒண்ணு எறங்குது. ம். கரண்டிவாயன் ரெண்டு. ம்ம். சரி. என்ன சொல்லிட்டு இருந்தேன்?

ஆங், லிஸ்ட்டு. எங்க செட்டுல ஒரு சடங்கு உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு வாரம் முன்னால மைதீன் கடையில கூடுவோம். யாரு எத எடுத்துட்டு வரணும்னு நான் எழுதி வச்சிருப்பேன். ஒவ்வொண்ணா வாசிப்பேன். அவனவன் சாமான் வாறப்ப "ஆஜர்"னு சொல்லணும். தார்ப்பாய்? "ஆஜர்." தண்ணிக் கேன்? "ஆஜர்." லிஸ்ட்டுல இருந்தா வண்டியில இருக்கும், லிஸ்ட்டுல இல்லைன்னா கிடையாது, அவ்வளவுதான். ஒருதரம் கூந்தங்குளத்துக்கு மைதீன் லிஸ்ட்டுல இல்லாத முறுக்கக் கொண்டு வந்துட்டான். கடிச்சாம் பாருங்க, கடக்குன்னு ஒரு சத்தம், மொத்தக் குளமும் எந்திரிச்சுப் போயிட்டு. அன்னையில இருந்து எங்க செட்டுல முறுக்குக்குத் தடை.

இப்படி ஒழுங்கா போயிட்டு இருந்த எடத்துலதான் அந்த டாக்டர் வந்து சேந்தாரு. ஜெபசிங்னு பேரு. பல் டாக்டர், நாப்பது வயசு இருக்கும். அவர யாரு கூட்டிட்டு வந்தான்னு கேளுங்க. நான்தான். என் கடவாப்பல்லுன்னு சொல்லணும்.

வேர் வரைக்கும் சொத்தன்னு போயிருந்தேன். தொணைக்கு நம்பி வந்தான். எனக்கு வாயில பஞ்சு வச்சு அடச்சாச்சு. நம்பி சும்மா இருக்கமாட்டாம பறவ நோட்டப் பொரட்டிட்டு இருந்தான். டாக்டர் எட்டிப் பாத்து, "இது என்ன சார், கையெழுத்து இவ்வளவு அழகா இருக்கே"ன்னாரு. நம்பி ஆரம்பிச்சுட்டான். குளம், வாத்து, தை மாசம், எல்லாத்தையும் சொல்லுதான். எனக்கு வாய் தொறந்துதான் இருக்கு, பேசத்தான் முடியல. என் வாய்க்கு மேல ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுதாங்க. நான் "ஆ, ஆ"ங்கேன். வலிக்குதோன்னு நெனச்சு இன்னொரு ஊசி போட்டுட்டாரு.

அடுத்த மாசம் டாக்டர் ஒரு ஸ்கோப்பு வாங்கிட்டாரு. முன்கண்ணாடியே ஒரு கிண்ணம் அகலம். ஸ்டாண்டு கறுப்புக் கலர், ஒரு விரல்ல தூக்கலாம். ஞாயித்துக்கிழம இதே குளத்துக்குக் கொண்டு வந்தாரு. நிறுத்துனாரு, தெளிவு வச்சாரு. வச்சவரு கண்ண வைக்கணும்லா? வைக்கல அண்ணாச்சி. ஒரு எட்டு நகந்து நின்னு, "நம்பி சார், நீங்க மொதல்ல பாருங்க"ன்னாரு.

புதுச் செருப்பு வாங்குனவன் எவனாவது மொதல்ல அடுத்தவன் கால்ல மாட்டுவானா?

நம்பி குனிஞ்சான். அஞ்சு நிமிசம் நிமிரல. ஆறு நிமிசம். நான் எண்ணிட்டுத்தானே நிக்கேன். நிமிந்தவன் மொகத்தப் பாக்கணுமே, கல்யாணப் பந்தியில மொத எலயில உக்கார வச்ச மாதிரி. "ஆவுடை, நாமக்கோழிக்குக் கண்ணு செவப்புல்லா!"ங்கான்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். பன்னெண்டு வருசத்துல அம்பதாயிரம் நாமக்கோழி எழுதியிருப்பான். அதுக்குக் கண்ணு செவப்புன்னு இப்பத்தான் தெரியுமாம். டாக்டருக்கு ஐஸ் வைக்கான். அப்படித்தான் எனக்குப் பட்டுது. வீட்டுல வந்து சொன்னேன். உலகு, "ஒங்களுக்குப் பொறாம"ன்னா. பொறாம எல்லாம் ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி. எனக்கு எதுக்குப் பொறாம? வயிறு எரிஞ்சுது, அவ்வளவுதான்.

அந்தா காப்பி வந்துட்டு. எடுத்துக்கோங்க. சீனி போதுமா? அந்த ஸ்கோப்புப் பக்கம் டம்ளர வைக்காதிய, இப்படி இங்கன வைங்க.

கார்த்திகையில டாக்டர் ஒரு யோசன சொன்னாரு. ஒடிசாவுல சிலிகா ஏரின்னு இருக்குல்லா, அது கரையில ஒரு ஊரு. ஒரு காலத்துல அங்க வாத்த வேட்டையாடுன ஆளுகதான் இப்பப் படகு தள்ளி வாத்தக் காட்டுதாவளாம். லட்சக்கணக்குல எறங்குமாம். மார்கழியில போவோம்னாரு. "நம்பி சாருக்கு வரித்தல வாத்தக் கூட்டமாப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசையாமே"ன்னாரு. இமயமலைக்கு மேல பறந்து வருமே, அந்த வாத்து. ஆசையாமாம். ஆறாங்கிளாசுல இருந்து ஒரே பெஞ்சுல இருந்தவன் நான். எங்கிட்ட சொல்லாத ஆசைய அவருகிட்ட சொல்லியிருக்கான்.

சரி, டிக்கெட்டு டாக்டர் எடுக்கட்டும், லிஸ்ட்டு என் கையிலதானேன்னு இருந்தேன். வேட்டைக்குப் போறவன்கூட அப்படி ஏற்பாடு பண்ணியிருக்க மாட்டான். வெள்ளச் சட்ட கூடாது. சென்ட்டு கூடாது. கூவுற போன் கூடாது. சாமான் நனையாம இருக்க உரச்சாக்கக் கழுவி மைதீன் பையாத் தச்சான். கொசு எண்ண, கம்பளித் தொப்பி, இட்லிப் பொடி, எலுமிச்சங்கா ஊறுகா. சேத்து நெறத்துல துணி எடுத்து சட்ட தைக்கக் குடுத்தேன். மூணு சட்டைக்குத்தான் எடுத்தேன். வேணும்னு இல்ல, பழக்கம். எத்தன பேருன்னு மைதீன் கேட்டப்ப வாயில மூணுன்னு வந்துட்டு. கெளம்புற அன்னைக்கு ஸ்டேஷன்ல பாக்கேன், டாக்டர் மேல நம்பி சட்ட! நம்பி பழைய காக்கிச் சட்டையப் போட்டுட்டு வந்து நிக்கான். "அவருக்கு அளவு சரியா இருந்துச்சு"ங்கான். நான் எடுத்த துணி, நான் சொன்ன நெறம், அவரு மேல.

அதுக்கு முன்னால ஸ்டாண்டு விசயம் நடந்துச்சு. அதச் சொல்லணும். மைதீன் கடையில லிஸ்ட்டு வாசிக்கேன். ரெயில்ல சாமான் கூடிரும், படகு சின்னது, ரெண்டு ஸ்கோப்பு போகட்டும், ஸ்டாண்டு ஒண்ணு போதும்னு முடிவாச்சு. டாக்டர், "என்னோடது எட கொறவு சார், அத எடுத்துக்குவோமா"ன்னாரு. நான், "காத்துல அசையும்"னேன். "லேசானத நம்ப முடியாது"ன்னேன். மைதீன் தையல் மிசினப் பாத்துட்டு இருந்தான். நம்பி பறவ நோட்டப் பொரட்டிட்டு இருந்தான். டாக்டர் சிரிச்சுட்டு, "சரி சார், ஒங்க ஸ்டாண்டே இருக்கட்டும்"னாரு. "ஸ்டாண்டு?"னு நான் வாசிச்சேன். "ஆஜர்"னு நானே சொன்னேன்.

என் ஸ்டாண்டுல டாக்டர் ஸ்கோப்பு நிக்கணும்னா இந்த ரெண்டாவது பிளேட்டு வேணும். அவரு பிளேட்டு அவரு ஸ்டாண்டுக்குத்தான் ஆகும், இதுல உக்காராது. எனக்குத் தெரியும். ஒரு ஞாயித்துக்கிழம அவரு டீ குடிக்கப் போன நேரத்துல வச்சே பாத்தேன். இது என் மேச டிராயர்ல கெடக்குன்னும் தெரியும். லிஸ்ட்டுல எழுதல.

மறந்துட்டேன்னு ஒங்ககிட்ட சொல்லலாம். நீங்க யாரோ, நான் யாரோ, சொல்லிட்டுப் போயிரலாம். மறக்கல. எழுதப் போன கைய நிறுத்துனேன். யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒருத்தரும் கேக்கலையே.

என்னத்துக்கு அப்படிச் செஞ்சேன்னா, அங்க போயி அந்தப் பெரிய ஸ்கோப்பு நிக்காதுல்லா. அப்பப் பழையபடி எல்லாரும் என் ஸ்கோப்புக்குத்தானே வரணும். நான் பாப்பேன், நம்பி எழுதுவான். டாக்டரும் வேணும்னா பின்னால நின்னு கேட்டுக்கிடட்டும். கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல. எல்லாம் பழையபடி இருக்கணும்னுதான்.

நீங்க கைக்கடியாரத்தப் பாக்கிய. இந்தா முடிச்சுருதேன்.

அங்க போனோம். விடிஞ்சு வெயில் லேசா வருது. தண்ணி தெரியல அண்ணாச்சி, வாத்துதான் தெரியுது. அவ்வளவு. படகு ரெண்டு. ஒரு படகுல படகுக்காரனத் தவுர ரெண்டு பேருதான். கரையிலயே ஸ்டாண்ட நிறுத்தி, டாக்டர் அவரு ஸ்கோப்ப மாட்டப் பாத்தாரு. உக்காரல. திருப்பிப் பாத்தாரு. உக்காரல. "சார், இதுக்கு வேற பிளேட்டு இருக்குமோ?"ன்னாரு. "லிஸ்ட்டுல இல்லையே"ன்னேன். பொய் இல்ல அது. லிஸ்ட்டுல இல்லதான்.

நான் என் ஸ்கோப்ப எடுத்து வச்சேன். டக்குன்னு உக்காந்துச்சு. அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு இனிச்சுதுங்கிய! "நம்பி, நோட்ட எடுத்துட்டு வா"ன்னு படகுல ஏறி உக்காந்தேன்.

டாக்டரும் அதையேதான் சொன்னாரு. "நம்பி சார், நீங்க சார்கூடப் போங்க, அங்கதான் ஸ்கோப்பு நிக்கும்"னாரு. அவரு சொல்லாட்டியும் வந்திருப்பான்னு நெனைக்கேன். இவரு சொல்லித்தான் எங்கிட்ட வரணுமா? நம்பி ரெண்டு படகுக்கும் நடுவுல, சேத்துல நின்னான். என்னப் பாத்தான். அப்புறம் என் படகுகிட்ட வந்தான். வந்து, கையில இருந்த நோட்டையும் பென்சிலையும் என் மடியில வச்சான். "இன்னைக்கு ஒரு நாள் நீயே எழுதிக்கோ ஆவுடை"ன்னான். போயி அவரு படகுல ஏறிட்டான்.

மைதீன் என்கூட வந்தான். "மைதீன், நீ எழுதுதியா?"ன்னேன். "எனக்குக் கை வெறைக்கு அண்ணே"ன்னான். அப்புறம் சிரிச்சுக்கிட்டே சொல்லுதான், "பன்னெண்டு வருசமா நானும் ஒங்ககூட வாறேன் அண்ணே, எந்தக் குளத்துலயும் ஒங்க முதுகத்தான் நல்லாப் பாத்திருக்கேன்." மைதீனுக்கு எப்பவும் நக்கல்தான். நானும் சிரிச்சுவச்சேன்.

கோரைக்குள்ள படகு நின்னுச்சு. நான் கண்ண வச்சேன். "ஊசிவால் வாத்து, முந்நூத்தி இருவது"ன்னேன். பின்னால பதில் இல்ல. மறுபடி சொன்னேன். மைதீன் தொப்பிய இழுத்துட்டு ஒறங்குதான். படகுக்காரனுக்கு நம்ம பாஷ தெரியாது. யாருகிட்ட சொல்ல?

அப்பத்தான் ஸ்கோப்ப அந்தப் படகுப் பக்கம் திருப்புனேன்.

டாக்டர் படகுல முட்டி போட்டு உக்காந்திருக்காரு. தலையக் குனிஞ்சிருக்காரு. அவரு தோள்ல அந்தப் பெரிய ஸ்கோப்பு. ரெண்டு கையாலயும் அதப் பிடிச்சுட்டு, ஆடாம அசையாம இருக்காரு. மூச்சுகூடப் பாத்துப் பாத்து விடுதாரு. பின்னால நம்பி, கண்ண வச்சுப் பாத்துட்டு இருக்கான். தோளையே ஸ்டாண்டாக் குடுத்துட்டாரு அண்ணாச்சி! பிளேட்டு இல்லைன்னா பாக்க முடியாதுன்னு நான் கணக்குப் போட்டேன், அந்தாளு தோளத் தூக்கிக் குடுத்துட்டாரு.

எங்கிட்டத் தோள் இல்லையா? ரெண்டு இருக்கு. யாரு கேட்டா?

என் ஸ்கோப்பு நாப்பது மடங்கு பெருசாக் காட்டும். நம்பி மொகம் இந்தா இங்கன இருக்கது மாதிரி தெரியுது. மூக்கு மேல மூக்குக்கண்ணாடித் தழும்பு. காதுகிட்ட நர. சிரிக்கான், வாயத் தொறந்து என்னமோ சொல்லுதான், டாக்டர் தலையக் குனிஞ்சபடியே சிரிக்காரு. என்ன சொல்லுதான்னு கேக்கல. பத்து நிமிசம்னு நெனச்சேன், ஒண்ணர மணி நேரம் ஆயிருக்கு. அந்தப் பக்கம் இருந்து ஸ்கோப்பத் திருப்ப முடியல என்னால. நடுவுல மைதீன் முழிச்சு, "அண்ணே, மேல பாருங்க, மேல பாருங்க"ன்னு கத்துனான். "இருடா"ன்னேன். வரித்தல வாத்து அண்ணாச்சி. நாப்பது அம்பது இருக்குமாம், என் தலைக்கு நேர் மேல, சிறகுச் சத்தம் கேக்குற ஒயரத்துல போயிருக்கு. எல்லாரும் பாத்தாச்சு. நான் பாக்கல. அன்னைக்கு நோட்டுல ஒரு வரிகூட இல்ல.

ஊருக்கு வந்து ஒரு வாரம் கழிச்சு நம்பி வீட்டுக்கு வந்தான். டாக்டர் போன்ல எடுத்த போட்டோவக் கழுவிக் கொண்டு வந்திருந்தான். ஒரு போட்டோவுல மேல முழுக்க வரித்தல வாத்து. கீழ என் படகு. மைதீன் ஆகாசத்தப் பாக்கான், படகுக்காரன் ஆகாசத்தப் பாக்கான். நான் மட்டும் ஸ்கோப்ப நேரா போட்டோ எடுக்கவருக்குக் குறி வச்சுட்டு இருக்கேன். நம்பி அதக் காட்டி விழுந்து விழுந்து சிரிச்சான். "ஏல, வாத்து அங்க போகுது, நீ எங்களப் போயி எண்ணிட்டு இருக்க"ன்னான். எனக்கும் சிரிப்பு வந்துட்டு. பழைய நம்பி மாதிரியே இருந்தான். "இத நோட்டுல ஒட்டிருவோம், அன்னைக்குப் பக்கம் காலியாத்தானே கெடக்கு. பச இருக்கா?"ன்னான்.

"டிராயர்ல பாரு"ன்னு நான்தான் சொன்னேன். என் வாயாலயே சொன்னேன் அண்ணாச்சி.

தொறந்தான். பச முன்னால இருந்துச்சு. பின்னால கவர்ல இது. ஸ்டாண்டு பார்சல்ல வந்தப்பத் தூக்கிட்டு வந்ததே அவன்தான், பிரிச்சதும் அவன்தான். ரெண்டு பிளேட்டு இருக்குன்னு அவனுக்குத் தெரியும், மறந்திருப்பான். எடுத்தான். கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தான். நான் போட்டோவப் பாக்கது மாதிரி இருந்தேன். இருந்த எடத்துலயே வச்சுட்டு டிராயர மூடுனான். போட்டோவ ஒட்டி, ஓரம் எல்லாம் அமுக்கி விட்டான். மிச்சம் இருந்த காப்பியக் குடிச்சான். "வாறேன் ஆவுடை"ன்னான். போயிட்டான்.

ஒரு வார்த்த கேக்கல. "ஏம்ல இப்படிச் செஞ்ச?"ன்னு ஒரு வார்த்த. சட்டையப் பிடிச்சிருக்கலாம். நாலு கெட்ட வார்த்த சொல்லியிருக்கலாம், எனக்கு அது போதும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேம்லா?

இந்தத் தையில கணக்கெடுப்புக்கு என்னக் கூப்புடாம இல்ல. மைதீன் வந்து கூப்புட்டான். முட்டி வலின்னுட்டேன். இந்த மாடியில நின்னுதான் பாத்தேன். அந்தா அந்தக் கரையில, வேலமரத்தடியில, மூணு பேரும் நின்னாங்க. நம்பி கண்ண வச்சுட்டு நிக்கான். பின்னால டாக்டர் நோட்டு வச்சு எழுதுதாரு! டாக்டர் கையெழுத்து! மருந்துக்கடைக்காரனத் தவுர எவன் வாசிப்பான் அத? அம்பது வருசப் பழக்கத்துல அச்சு மாதிரி எழுதுறவன், அவன் பாக்கானாம், இவரு எழுதுதாராம். அன்னைக்குச் சாயங்காலமே மககிட்டச் சொல்லி விளம்பரம் போடச் சொல்லிட்டேன். இனி யாருக்கு எண்ணிச் சொல்ல?

என்ன, மூணு மணி பஸ்ஸா? அய்யய்யோ, நீங்க இன்னும் பாக்கவே இல்லையே! நான்தான் பேசிட்டே, அப்பப்ப நானே பாத்துட்டே இருந்துட்டேனோ. வாங்க, வாங்க, இப்படி வாங்க. சரி பண்ணித்தான் இருக்கு. குனிங்க. கண்ணாடியக் கழட்ட வேண்டாம், அப்படியே வைங்க. இந்த வளையத்த பைய திருப்புங்க. இன்னும் கொஞ்சம். தெளிஞ்சுதா?

என்னது?

ஆமா. செவப்புதான். நாமக்கோழிக்குக் கண்ணு செவப்புதான்.

எனக்கு எப்பவா? இந்த ஸ்கோப்பு வந்த மொத நாளே தெரியும். மொத நாளு, மொத பார்வையிலயே பாத்தேன். நம்பி பின்னாலதான் நின்னான். அவன்கிட்டச் சொன்னேன்லா... நூத்திப் பத்துன்னு சொன்னேன். கண்ணு செவப்புன்னு... சொல்லியிருப்பேன். சொன்ன மாதிரி ஞாபகம் இல்ல.

சரி, பாத்ததுதான் பாக்கிய, அப்படியே எத்தனன்னு எண்ணிச் சொல்லுங்க. இருங்க, நோட்டு இங்கதான் இருக்கு. பென்சிலும் இருக்கு. இந்தா, நான் பின்னால நின்னுக்கிடுதேன், ஒங்களுக்கு மறைக்காது. ம், சொல்லுங்க. மொதல்ல நாமக்கோழி. எத்தன?

அண்ணாச்சி?

என்ன பேச்சையே காணும்? எதுவும் புதுசா எறங்கியிருக்கா? மேக்குக் கரையிலயா, நடுவுலயா? வாத்தா, நாரையா? நான் நிக்க எடத்துல இருந்து வெறும் தண்ணிதான் தெரியுது. காப்பி ஆறுது பாருங்க. அண்ணாச்சி... என்ன தெரியுதுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்.